தட்டச்சு எழுத்தின் முகமும் விசையும்: திருப்பூர் வட்டாரத்தில் ஒரு வரலாறு

திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகளில், மேசைமீது வரிசையாக ஒட்டிப் பரப்பிய கட் பீஸ்களின் நெஞ்சுப் பகுதியில், ஒரு வகை எழுத்து திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பழைய தட்டச்சுப் பொறியில் அடித்தது போன்ற ஆங்கில எழுத்து. ரிப்பனில் மை தீர்ந்துபோனது போல ஓரங்கள் தேய்ந்திருக்கும். ஓரெழுத்து வரியை விட்டுக் கொஞ்சம் மேலேறி நிற்கும். வட்ட எழுத்துகளின் வயிறு மை அடைத்துக் கறுத்திருக்கும். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்ட் ஒர்க்கிலேயே இத்தனை பழுதும் சேர்ந்துதான் வரும். அதே ஊரில் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவரின் பையில் இருக்கும் மூலப்பத்திர நகலிலும் தட்டச்சு எழுத்துதான், ஆனால் தமிழில். அதை ஒரு சட்டையில் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் எழுவதாகத் தெரியவில்லை.

இரண்டும் ஒரே வகைப் பொறியின் பிள்ளைகள். ஆங்கிலத்தில் பொறி போன பிறகும் அதன் எழுத்துமுகம் பிழைத்தது. எழுத்துருவாகி, அலங்காரமாகி, பனியன் துணி வரைக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் பிழைத்தது விசைகளின் வரிசை. டி.டி.பி. கடைக்காரரின் விரல்களில் அது இன்றும் ஓடுகிறது. முகம் மட்டும் பத்திரக் கட்டுகளோடு நின்றுபோயிற்று. இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது என்பதைத் திருப்பூர் வட்டாரத்தின் தாள்களையும் துணிகளையும் வைத்துப் பார்க்கலாம்.

ஓர் அடிக்கு ஓர் இடம்

தட்டச்சு எழுத்தின் தோற்றத்துக்கு முதல் காரணம் பொறியின் பல்சக்கரம். எந்த விசையைத் தட்டினாலும் தாள் சுற்றிய ரோலர் ஒரே அளவு தூரம்தான் நகரும். எழுத்து அகலமோ ஒடுக்கமோ, அதற்குக் கிடைப்பது ஒரே இடம். பைக்கா அளவில் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் அளவில் 12. ஆங்கிலத்தின் ஒல்லியான சின்ன 'ஐ' தனக்குக் கிடைத்த இடத்தை நிரப்ப அடியில் நீண்ட கட்டையை வாங்கிக்கொண்டது. அகலமான 'எம்' கால்களை ஒடுக்கிக்கொண்டது. தட்டச்சு எழுத்துரு என்றதும் நினைவுக்கு வரும் கட்டைக் கால்கள் இப்படி வளர்ந்தவை. 1873இல் ரெமிங்டன் ஆலையில் உற்பத்தி தொடங்கிய ஷோல்ஸ்-கிளிடன் பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சின்ன எழுத்துகள் ஷிப்ட் விசையோடு பின்னால் வந்தன. 1950களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த 'கூரியர்' இந்த மரபின் புகழ்பெற்ற வாரிசு. கணினிக்குள் தட்டச்சு முகம் குடியேறியது பெருமளவுக்கு அதன் வழியாகத்தான்.

தமிழுக்குச் சிக்கல் வேறு. எழுத்து 247, அதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ. பொறியில் விசைகளோ 45ஐ ஒட்டித்தான். ஷிப்ட் போட்டாலும் தொண்ணூறு வடிவங்களுக்கு மேல் தாங்காது. இதற்கு வழி கண்டவர் யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, மலாயாவுக்குப் பிழைக்கப் போய், ஈப்போவில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த ரா. முத்தையா. அவர் வகுத்த விசைப்பலகையோடு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அன்ட் நவ்மன் ஆலை தமிழ்ப் பொறிகளைச் செய்தது. அவருடைய உபாயத்துக்கு நகரா விசை என்று பெயர். புள்ளி, இகரக் கொம்பு போன்ற குறிகளைத் தட்டினால் ரோலர் நகராது. குறி விழும், அதே இடத்தில் அடுத்துத் தட்டும் எழுத்து வந்து விழும். 'தமிழ்' என்று அடிக்க, முதலில் த, அடுத்துக் கொம்பு, அதன் கீழே ம, பிறகு புள்ளி, அதன் கீழே ழ. ஐந்து தட்டு, மூன்று இடம். குறி முந்தி, எழுத்து பிந்தி. பேனா பிடித்த கைக்கு இது தலைகீழ். உகரத்துக்கு இன்னொரு சிக்கனம்: க இருக்கும் விசையை ஷிப்ட்டோடு தட்டினால் கு, ம இருக்கும் விசையில் மு. எந்தச் சட்டத்துக்கும் அடங்காத டி, டீ இரண்டுக்கும் தனி இடம்.

இந்தச் சிக்கனத்துக்கு முகம் விலை கொடுத்தது. மூன்று சுழி ணகரத்துக்கும் ஒற்றைக் கோடு போன்ற துணைக்காலுக்கும் ஒரே அகலம். ணகரம் நெரிபட்டுக் கறுத்து நிற்கும். துணைக்காலின் இரு பக்கமும் வெளி விழும். பக்கத்தைத் தள்ளிப் பிடித்தால் திட்டுத்திட்டாகக் கருமையும் வெளுப்பும் தெரியும். புள்ளி எப்போதும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில். எழுத்தின் உச்சி எங்கே என்பது அதற்குத் தெரியாது. கொம்பு சில எழுத்துகளோடு ஒட்டும், சிலவற்றில் அந்தரத்தில் நிற்கும். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனி இடம் பிடிப்பதால் 'கொ' மூன்று எழுத்தின் அகலத்துக்கு நீளும். ஈயக் கட்டையில் கோத்த தமிழ் அச்சைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அவசரத்துக்கு ஏற்றுக்கொண்ட தமிழாகவே பட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது முத்தையாவைக் குறைத்துப் பேசுவதாகிவிடக் கூடாது. அன்றைய உலோகத்தை வைத்துக்கொண்டு இதைவிடச் செய்வது கடினம்.

கச்சேரித் தாளும் பட்டறைத் தாளும்

திருப்பூர் எழுத்துவேலை மிகுந்த ஊராகத் தொடங்கவில்லை. 1920களில் அது கதரின் மையம். 1925இல் பேபி நிட்டிங் என்ற பெயரில் முதல் பனியன் பட்டறை வந்ததாக ஊர் வரலாறு சொல்லும். 1932 ஜனவரியில் கொடி பிடித்த குமரனின் சாவு ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் பின்னிய பட்டறைகளுக்குக் கணக்குப்பிள்ளையும் பேரேடும் போதும். தட்டச்சு தேவைப்பட்டது ஆலை அலுவலகம், வங்கி, வழக்கறிஞர், சங்கம் ஆகிய இடங்களில். தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமா 1956இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது.

அந்தச் சட்டம் தமிழ்த் தட்டச்சுக்கு அரசின் சந்தையைத் திறந்துவிட்டது. கல்கத்தாவில் பொறி செய்த ரெமிங்டனும், 1955இல் இந்தியப் பொறியைக் கொண்டுவந்த கோத்ரெஜும், சென்னைப் பெருங்குடியின் பேசிட்டும் தமிழ்ப் பலகையோடு அலுவலகங்களுக்குள் நுழைந்தன. ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முளைத்தது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வு ஆண்டுக்கு இருமுறை; பேச்சுவழக்கில் லோயர், ஹையர். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. 'தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர்' என்று விண்ணப்பத்தில் எழுத முடிந்தவருக்கு அரசுத் தேர்வில் தட்டச்சர் பணிக்கு வழி உண்டு. கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் அலுவலக வேலைக்குள் வந்ததில் இந்த இன்ஸ்டிட்யூட்களுக்குள்ள பங்கு தனி ஆய்வுக்கு உரியது. ய, ள, ன, க, ப என்று இடக்கையின் ஐந்து எழுத்தில் தொடங்கும் பயிற்சி, ஒரு தலைமுறையின் விரல்களில் நெடுங்கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு எழுத்து வரிசையைப் பதித்தது.

தமிழ்த் தட்டச்சு முகம் இந்த வட்டாரத்தில் அழுத்தமாகப் படிந்த இடம் பத்திரம். முத்திரைத்தாளில் கையால் எழுதிய கிரயப் பத்திரங்களுக்குப் பின்னால் தட்டச்சுப் பத்திரங்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கணினி. அவிநாசிப் பக்கமும் பல்லடம் சாலையிலும் தோட்டமும் காடும் சைட்டாகவும் கம்பெனியாகவும் மாறிய காலத்தில் ஒரு பெரும்பகுதி இந்த நடுக்கட்டத்தில் விழுகிறது. எல்லைகள், சதுரடி, சர்வே எண் எல்லாம் அந்தத் திட்டுத்திட்டான கறுப்பில். தொழிற்சங்க நோட்டீசும் கூலி ஒப்பந்தமும் இன்னொரு புழக்கம். பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 1984இல் நடத்திய நீண்ட வேலைநிறுத்தக் காலத்தில் ஒரு செய்தியை மலிவாக நூறு படி எடுக்க ஸ்டென்சிலும் சைக்ளோஸ்டைலும்தான் கைக்கெட்டிய வழி. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அடுக்கிக் கட்டுதல் என்று வேலைவாரியாகக் கூலி விகிதம் எழுதும்போது சம அகல எழுத்தின் பயன் தெரியும். ரூபாயும் பைசாவும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானே நிற்கும்.

இந்தக் காலத்தின் நடுவில் எழுத்தே மாறியது. பக்கத்து ஊரான ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' இதழில் பெரியார் 1935இல் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களை 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் தும்பிக்கையையும் சுழியையும் விட்டுப் பொது வடிவத்துக்கு வந்தன. தனி வடிவம் தேவைப்பட்டவை இனித் துணைக்காலும் ஐகாரக் கொம்பும் தட்டினாலே அமைந்தன. சீர்திருத்தத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் அச்சுக்கோப்பும் தட்டச்சும் முன்வரிசையில் இருந்தன. பத்திரம் ஒன்றின் காலத்தைத் தேதி பார்க்காமல் ஊகிக்க இந்த 'லை' ஒரு நல்ல தடயம். ஒரு எச்சரிக்கை: அலுவலகங்கள் பொறியை எளிதில் கழிப்பதில்லை. ஆகவே பழைய 'லை' 1978க்குப் பிந்திய தாளிலும் தென்படலாம்.

எழுத்துப்பிழைக்குப் பணம் நிற்கும்

1978ஐ ஒட்டி இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்ததைத் திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக்குத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் உருவானதும் அந்த ஆண்டில்தான். பனியன் ஊர் இதன்பிறகு ஆங்கிலத் தட்டச்சின் ஊராகவும் ஆயிற்று. பட்டறையில் நூல், துணி, ஆள் எல்லாம் கொங்குத் தமிழில் ஓடும். ஆபீசில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வங்கி தரும் கடனுறுதிக் கடிதமான எல்.சி., அந்நியச் செலாவணிக்கான ஜி.ஆர். படிவம் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். ஆர்டர் விவரம் டெலக்ஸில் வரும், முழுக்கப் பெரிய எழுத்தில், சம அகலத்தில்.

இங்கே தட்டச்சு எழுத்தின் தோற்றம் நம்பகத்தின் அடையாளம். எல்.சி. முறையில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. எல்.சி.யில் உள்ள சரக்கு விவரமும் இன்வாய்ஸில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டைல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் 'டிஸ்கிரிபன்சி' என்று எழுதி வங்கி பணத்தை நிறுத்திவைக்கும். சரக்கு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கும், பணம் தாளில் தொங்கும். வரிச் சலுகைக்காக ஐரோப்பாவுக்குப் போன 'படிவம் ஏ' இன்னும் கடுமை. அதன் பின்னணி முழுக்கப் பச்சை நிறத்தில் பின்னல் கோலம் அச்சாகியிருக்கும். ரப்பர் வைத்து அழித்தால் கோலம் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் வைத்த படிகளில் கடைசிப் படி வரைக்கும் எழுத்து பதியும்படி ஓங்கித் தட்ட வேண்டும், கட்டத்துக்கு வெளியே போகாமலும் தட்ட வேண்டும். பூந்தூரிகை வைத்து எழுத்துக் கட்டைகளில் அடைத்த மையைத் துடைப்பதும், வளைந்த கம்பியை நிமிர்த்தி எழுத்து குதிக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கண்டிப்பின் பகுதிகள். 'எழுத்து குதிக்குது' என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

பொறியின் இடத்தைக் கணினி பிடித்ததற்குக் கணினியின் வேகம் ஒரு காரணம் என்றால், வங்கி விதி இன்னொன்று. 1994 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த, எல்.சி.க்கான யு.சி.பி. 500 விதிகள், கணினியிலோ நகலெடுக்கும் முறையிலோ உருவான தாளையும், மூலம் என்று குறித்து, தேவையான இடத்தில் கையொப்பமும் இருந்தால், மூலமாக ஏற்கலாம் என்று தெளிவாக்கின. ஆனாலும் தட்டச்சு முகம் உடனே போகவில்லை. டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகள் அதே 10, 12 எழுத்துக் கணக்கில், அதே சம அகலத்தில் அடித்தன. கார்பன் படி வேண்டிய டெலிவரி சலானுக்கும் லாரி பார்சல் ரசீதுக்கும் தாளை இடிக்கும் பொறிதான் ஆகும். லேசர் பொறி தாளை இடிக்காது. ஒன்பது ஊசிகளால் ஆங்கிலத்தைச் சமாளித்த அந்த அச்சு, தமிழின் சுழிகளுக்குப் போதவில்லை. பட்டறைக்கும் ஆபீசுக்கும் இடையே ஓடும் சலான் ஆங்கிலத்தில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஜே, கே, பி, ஓ

கணினித் தமிழின் முதல் இருபது ஆண்டுகளில் தட்டச்சர்களின் விரல்களே பெரிய முதலீடு. புதுப் பலகையைப் படிக்கச் சொன்னால் யார் படிப்பார்கள்? ஆகவே பல எழுத்துரு நிறுவனங்கள் தட்டச்சு வரிசையை அப்படியே தந்தன. டி.டி.பி. கடைகளில் இன்றும் ஓடும் 'பாமினி' அந்த வழியில் வந்தது. அதில் 'தமிழ்' என்று அடிக்க ஆங்கிலப் பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். ஜே இடத்தில் த, கே இடத்தில் ம, ஓ இடத்தில் ழ. ஷிப்ட் பிடித்தால் கே இடத்தில் மு. முத்தையா வழிப் பலகையின் நிழல் இது. மாறியது ஒன்றுதான்: கொம்பும் புள்ளியும் இப்போது எழுத்துக்குப் பின்னால் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் போய், பொருளற்ற ஆங்கிலக் கோவை வந்து நிற்கும். லேபிள் அடிக்கும் கடைகளுக்கு அது பழகிய தலைவலி.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு 'தமிழ்99' பலகையைப் பரிந்துரைத்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வாரத்தில், யுனிகோடை அரசுப் பயன்பாட்டுக்கு ஏற்கும் ஆணை வந்தது. தட்டச்சு வரிசை அதற்கும் ஈடுகொடுத்து நிற்கிறது. வேறொரு குறியேற்றத்தின் மேல் அதே விரல்கள் ஓடுகின்றன. ஆனால் எழுத்தின் தோற்றத்தை இந்த நிறுவனங்கள் தட்டச்சிலிருந்து எடுக்கவில்லை. செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபி போன்றவை அச்சகத்தின் ஈய எழுத்தையும் பத்திரிகை எழுத்தையும் பார்த்து வரைந்தவை. ணகரத்துக்கு அதற்குரிய அகலம் திரும்பக் கிடைத்தபோது, நெரிபட்ட ணகரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்கவும் காரணமில்லை.

பழுதே ஆர்டராக

ஆங்கிலத்தில் கதை வேறு வழியில் போயிற்று. 1974இல் ஐ.டி.சி. நிறுவனத்துக்காக ஜோயல் கேடனும் டோனி ஸ்டானும் வரைந்த 'அமெரிக்கன் டைப்ரைட்டர்' தட்டச்சின் கட்டைக் கால்களை வைத்துக்கொண்டு சம அகலத்தை விட்டுவிட்டது. மில்டன் கிளேசர் நியூயார்க்குக்காகச் செய்த, இதயம் பதித்த புகழ்பெற்ற சின்னம் இந்த எழுத்தில் அமைந்தது. உலகில் கூடுதலாக அச்சான டி-ஷர்ட் வாசகங்களில் அதற்கும் இடம் உண்டு. 1991இல் எரிக் வான் பிளாக்லண்ட் ஒரு உண்மையான பொறியின் அழுக்குப் பதிவையே எடுத்து 'டிரிக்சி' என்ற எழுத்துருவாக்கினார். தேய்வு, அடைப்பு, குதிப்பு எல்லாம் வடிவத்திலேயே சேர்ந்தன. 'எக்ஸ்-பைல்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் சின்னத்தில் அது வந்தபின் மர்மம், ரகசியக் கோப்பு, துப்பறிதல் என்றால் அந்த அழுக்கு எழுத்துதான் என்றாயிற்று.

அந்த அழுக்கைத் துணியில் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. கணினியில் ஆர்ட் ஒர்க் பிரித்து, பிலிம் எடுத்து, ஸ்கிரீனில் எக்ஸ்போஸ் செய்கிறார்கள். சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ்ஷில் நுண்ணிய மைப்பொத்தல்கள் நிற்காது. பிக்மென்ட் பரவி அடைத்துவிடும். 77 இழை மெஷ்ஷுக்குப் போனால் தேய்வு தெரியும், ஆனால் கறுப்புத் துணிமேல் வெள்ளை ஏறாது. சிங்கிள் ஜெர்சி பின்னல் இழுபடும். ஒல்லிக் கோடு கண்ணிக்குக் கண்ணி உடையும். தட்டச்சு முகம் இங்கே பொருந்துவதற்கு அதன் கனமும் ஒரு காரணம். ரிப்பனையும் கார்பனையும் தாண்டிப் பதிய வேண்டும் என்று ஒரே தடிமனாக அமைந்த கோடு, பின்னல் துணியிலும் தாங்குகிறது. மயிரிழைக் கோடுகள் உள்ள எழுத்து சாம்பிளிலேயே தோற்றுவிடும்.

ஸ்ட்ரைக் ஆஃப் எனும் மாதிரி அச்சு ஒப்புதலுக்குப் போகும்போது எழுத்து குதித்திருக்க வேண்டும், எவ்வளவு குதிக்க வேண்டுமோ அவ்வளவு. மைப்பழுதைக் கோளாறு என்று எண்ணிப் புதுப் பிரிண்டர் சுத்தமாக்கினால் லாட் திரும்பும். இன்வாய்ஸில் அழித்துத் திருத்திய அதே பிசகை, அந்த இன்வாய்ஸோடு போகும் சரக்கில் அளவெடுத்து அடிக்கிறது ஊர்.

தமிழ் முகம் ஏன் வரவில்லை

தமிழ் எழுதிய சட்டைக்குச் சந்தை இல்லை என்று சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் இந்தி எதிர்ப்பு வாசகம் எழுதிய டி-ஷர்ட்கள் பரவியபோது ஆர்டர்கள் திருப்பூரில் குவிந்ததை நாளிதழ்கள் எழுதின. அங்கெல்லாம் வந்தது தட்டச்சு முகம் அல்ல.

ஏக்கம் பிறக்க ஒரு பொருளோடு இனிய உறவு வேண்டும். ஆங்கிலத் தட்டச்சு எழுத்துக்குப் பின்னால் நாவலாசிரியரும் நிருபரும் துப்பறிவாளரும் சினிமாவின் உதவியோடு நிற்கிறார்கள். தமிழ் எழுத்தாளர் பெரும்பாலும் கையால் எழுதி அச்சுக்கோப்பவரிடம் கொடுத்தார். தமிழ்த் தட்டச்சு எழுத்தில் வீட்டுக்கு வந்தவை அரசாணை, ஜப்தி அறிவிப்பு, இடமாற்ற உத்தரவு, பத்திரம். கணினி நிரல் எழுதச் சம அகல எழுத்து தேவைப்பட்டதும் ஆங்கிலத்துக்குக் கிடைத்த வசதி. கூரியர் வகையை அந்தத் தேவை தொடர்ந்து உயிரோடு வைத்தது. கூகுளின் இலவசத் தொகுப்பில் உள்ள 'ஸ்பெஷல் எலைட்' போன்ற பழந்தட்டச்சு எழுத்துருக்களில் தமிழ் இல்லாததற்கு இத்தனை பின்னணி உண்டு.

செய்ய முடியாததல்ல. புள்ளியை ஒரே இடத்தில் நிறுத்துவதும், கொம்பை ஒட்டாமல் விடுவதும், ஒரே எழுத்துக்கு நான்கைந்து தேய்வு வடிவங்களை மாற்றி மாற்றிக் காட்டுவதும் இன்றைய எழுத்துரு நுட்பத்துக்குள் அடங்கும். வடிவமைப்பாளர் முதலில் தீர்க்க வேண்டியது, எந்தப் பொறியை மாதிரியாகக் கொள்வது என்பதை: தும்பிக்கை 'லை' உள்ள பழைய பொறியா, 1978க்குப் பிந்தியதா, ரெமிங்டனா, பேசிட்டா. மாதிரிக்குப் பஞ்சமில்லை, இந்த வட்டாரத்து வீடுகளின் பீரோக்களில் மூலப்பத்திரங்கள் இருக்கின்றன. ஆனால் ஜெராக்ஸில் கோடு தடித்து ரிப்பனின் இழைத்தடம் மறைந்துவிடும் என்பதால், மூலத்தாளையே ஸ்கேன் செய்ய வேண்டும். அதிலும் முதல் படியை, கார்பன் படியை அல்ல.